விதிக்கு எதுக்குப் புதுச் சட்டை?

அன்பும் அதட்டலும் ஒருசேர நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? நீ பார்த்திருக்கும் வரனுக்குச் சரியா, இல்லையா என்று பதில் கேட்டிருந்தாய். அதற்குள் இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது.

எங்கள் நாடகக் குழுவில் நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவன் என்பது உனக்குத் தெரியும். இப்போது போடுவது ஒரு பழைய நகைச்சுவை நாடகம். அதில் கதாநாயகன் காதலியின் வாசலில் நின்று, "நான் என் காலால் வரவில்லை பெண்ணே, விதி இழுத்து வந்தது" என்று மூச்சுவிடாமல் பேசுவான். இதை அழுதுகொண்டு சொல்வதா, சிரிக்க வைப்பதா என்று ஒத்திகையில் ஒரே ரகளை. அழணும்னேன் நான். காதலெல்லாம் நம்ம கையிலயா இருக்கு? பொத்தான் தைச்சுக்கிட்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்தாங்க. தனியா இருக்காங்கன்னு போன தடவை சொன்னேனே, அவங்கதான். "விதி இழுத்துட்டு வந்த ஆளு எதுக்குப் புதுச் சட்டை போட்டுட்டு வர்றான்? நான்தானே தைச்சேன். ஆசைப்பட்டு வந்துட்டு, சொல்லப் பயந்து, பழியை விதி மேல போடுறான். சிரிக்காம என்ன பண்றது?"ன்னாங்க. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே போச்சுக்கா. அவங்க சொன்னது அவனையா, என்னையா?

நேத்து அரங்கம் நிறைய கூட்டம். அந்த இடம் வந்ததும் நடிகருக்கு வசனம் மறந்துபோச்சு. எதிர்ப்பக்கத் திரையோரமா, வாயில குண்டூசியோட அவங்க நிக்கறாங்க. என் வாயில வந்தது என்ன தெரியுமா? "விதியுமில்ல, ஒண்ணுமில்ல. நானாத்தான் வந்தேன். சொல்லத்தான் பயம்." என் குரல் கேட்டா அப்படியே ஒப்பிக்கிறது அந்த மனுஷனோட பழக்கம். கணீர்னு சொல்லிட்டாரு! கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அவங்க மட்டும் சிரிக்கல. குண்டூசியை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே என்னைப் பார்த்தாங்க. நாடகம் முடிஞ்சு கிட்ட வந்து, "அது அவரு சொன்னதா, நீங்க சொன்னதா?"ன்னு கேட்டாங்க. "அவரு மறந்துட்டாரு, எனக்கு வாய் தவறிப்போச்சு, எல்லாம் விதி"ன்னு உளறிட்டேன். "அப்படியா"ன்னு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மனசே விட்டுப்போச்சு.

ஆகவே அக்கா, எனக்கு விதித்தது அவ்வளவுதான். நீ பார்த்த வரனுக்கே சரி என்று சொல்லிவிடு. மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பி.கு.: சரின்னு சொல்லித் தொலைச்சுடாதே! அந்த நடிகர் வசனத்தை மறக்கவே இல்ல. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான்தான் முந்திக்கிட்டேன். திரைக்குப் பின்னால நிக்கறவனை யார் பார்க்கப் போறாங்க? ஆனா நேத்து நானும் புதுச் சட்டைதான் போட்டிருந்தேன். அதையே மாட்டிக்கிட்டு இப்போ அவங்க வீட்டுக்குக் கிளம்பறேன், என் காலாலயே.