பி.டி. என்று போடச் சொன்னது நான்தான்

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு, மச்சான் சோலைச்சாமி எழுதுவது. இங்கே உன் அக்கா, ஆடுகள், கண்மாய்த் தண்ணீர் எல்லாம் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்பதால் கடுதாசி.

நம் முனீஸ்வரியைக் காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள் அல்லவா, அதற்கு முந்தின வாரம்தான் கோயில் பொங்கலுக்கு இளவட்டங்கள் ஊர் முகப்பில் பிளெக்ஸ் கட்டினார்கள். பேருக்குப் பின்னால் பட்டம் இல்லாதவரை மூலையில் தள்ளிவிடுவார்கள், உனக்குத் தெரியும். பாப்பா படித்தது பயோடெக்னாலஜி. நாற்பது பேர் படத்துக்கு நடுவில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்றார்கள். பி.டி. என்று சுருக்கிப் போடச் சொன்னது நான்தான். காலேஜிலும் அப்படித்தான் சொல்வார்களாம், பொய்யில்லை. அதைப் படித்துவிட்டு வந்த சம்பந்தி உட்கார்ந்ததும், "பொண்ணு பி.டி. டீச்சரா? கவர்மெண்டு வேலையாச்சே" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் மாப்பிள்ளை, உன் அக்கா காபியை நீட்டினாள். குடித்துவிட்டேன்.

அன்று பிடித்த சனி. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டார், மதுரைப் பக்கம் என்றேன். அவள் லேப்பில் வாழைக்கன்று வளர்ப்பதும் மதுரைப் பக்கம்தானே. காரியாபட்டிக்கு மாறுதல் கிடைக்குமா என்றார், பார்ப்போம் என்றேன். நேற்று மாறுதல் மனுவையே கையில் கொண்டுவந்துவிட்டார், பள்ளிக்கூடத்துப் பேரை மட்டும் நான் நிரப்பணுமாம். விதைக்கடையில் பி.டி. என்றால் பருத்தி, ஆஸ்பத்திரிச் சீட்டில் ரத்தம் நிற்கிற நேரம், ரோட்டுப் பலகையில தார் ரோடு. இத்தனை இருக்க அந்த மனுசனுக்கு டீச்சரு மட்டும் ஏன் ஞாபகம் வந்துச்சுன்னு தெரியல. போன வருசம் நம்ம பி.டி. பருத்தியில புழு விழுந்தப்ப, பாப்பாதான் காயைப் பிளந்து, அந்த வெதைக்குப் புழு எப்படிப் பழகிப்போச்சுன்னு வெளக்குச்சு. வெதக்கடைக்காரரே கையக் கட்டிக் கேட்டாரு. அப்பேர்ப்பட்ட படிப்ப நான் காபியோட சேத்து முழுங்கிட்டேன். வெக்கமா இருக்குப்பா. நிச்சயத்துக்குப் பெறகு தெரிஞ்சா, எம்புள்ளயத்தான பொய்க்காரிம்பாக.

அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம். நீ தாய்மாமன். அதுக்குள்ள காரியாபட்டிக்குப் போயி பக்குவமாச் சொல்லிரு. பிள்ளைகளுக்கு என் ஆசி. முனியய்யா உன்னையும் என்னையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சோலைச்சாமி

பின்குறிப்பு: மாமா, நான் முனீஸ்வரி. இந்தக் கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி அப்பா எங்கிட்டயே குடுத்தாரு. நீங்க காரியாபட்டிக்குப் போக வேண்டாம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, அவுக கெளம்பும்போது, நான் டீச்சர் இல்லன்னு சொல்லிட்டேன். அவுக வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த மாறுதல் மனுவ எழுதிக் குடுத்ததே நான்தான். நான் என்ன படிச்சேன்னு அப்பா தன் வாயால நாலு பேருக்கு முன்னால சொல்லணும் மாமா. நிச்சயத்துக்கு வெள்ளனே வந்து அவரு பக்கத்துல உக்காருங்க. காபி டம்ளர மட்டும் நீங்க வாங்கி வச்சுக்கங்க.