ஸெனாபுவின் கட்டைவிரல்

"புரியல மேடம். மறுபடி எழுதிட்டு வாங்க."

பயறு கலந்த வாச்சே சோற்றை இலையில் அள்ளிக்கொண்டே ஸெனாபு சொல்ல, வரிசையில் நின்ற மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அராபா மேடத்துக்குக் காது வரை சுட்டது.

சட்டம் அவளே போட்டதுதான். ஆப்பிரிக்கக் கடலோர ஊரான கேப் கோஸ்ட்டில் ஒரு கல்லூரியில் எட்டு வருடமாக ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் கற்றுக்கொடுக்கிறாள். மாணவர்கள் எந்தக் கட்டுரை எழுதினாலும் முதலில் வாசலில் சோறு விற்கும் ஸெனாபுவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். விலை கேட்பதும் வம்பளப்பதும் உள்ளூர் ஃபான்டே மொழியில். வாசிப்பு மட்டும் ஆங்கிலத்தில். புரிந்தால் ஸெனாபு எண்ணெய்க் கட்டைவிரலைத் தாளில் அழுத்துவாள். அந்த ரேகை இல்லாத கட்டுரையை மேடம் தொடக்கூட மாட்டாள்.

இப்போது மேடத்துக்கே பரீட்சை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், 'என் கற்பித்தல் கொள்கை' என்று எழுதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நியமனக் குழுவிடம் கொடுக்க வேண்டும். தவறினால் இந்தப் பருவத்தோடு வீட்டுக்குப் போகலாம். கஷ்டப்பட்டு இரண்டு பக்கம் எழுதி முடித்தாள். வகுப்புத் தலைவி மான்சா விடுவாளா?

"ரேகை எங்க மேடம்?"

புதன்கிழமை இப்படித்தான் தோற்றாள். சக ஆசிரியர் ஒச்செரே ஆறுதல் சொன்னார்.

"பெரிய பெரிய வார்த்தையாப் போடும்மா. படிக்கிறவன் மிரளணும்."

வியாழக்கிழமை நாலு பக்கம் வாசித்தாள். அடுப்பில் பயறு அடிப்பிடித்தது. பசியோடு நின்றவர்களில் பாதிப் பேர் வகுப்புக்கு ஓடிவிட்டார்கள்.

"புரியல மேடம். முட்டை வைக்கட்டா?"

வெள்ளிக்கிழமை மூன்று மணி. நாலு பக்கம் அரைப் பக்கமாகியிருந்தது. 'நான் கற்பிக்கிறேன். அவர்கள் கற்கிறார்கள்.' பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

"புரியல."

"இதுல புரியாம இருக்க என்னடி இருக்கு!"

கையை வீசிய வேகத்தில் ஷிட்டோ என்ற மிளகாய்த் தொக்குக் கிண்ணம் கவிழ்ந்து, தாள் முழுக்கக் கறுப்பு எண்ணெய். ஒரு எழுத்து மிஞ்சவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து, வாசித்த அதே ஆங்கிலத்திலேயே ஸெனாபுவிடம் பேச ஆரம்பித்தாள்.

"நான் காலேஜ் சேர்ந்தப்ப அம்மாவுக்கு எழுதின கடிதமெல்லாம் ஒரே பெரிய இங்கிலீஷ். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தாங்களாம், அவருக்கும் புரியலையாம். நான் சாப்பிட்டேனான்னு தெரிஞ்சுக்கத்தான் தவிச்சிருக்காங்க. அதை மட்டும் நான் எழுதவே இல்ல. அவங்க போனப்புறம் தலகாணிக்கு அடியில பதினோரு கடிதம் இருந்துச்சு. எதிர்ல இருக்கிற ஆளை நினைக்காம எழுதிட்டேன் ஸெனாபு. என் பிள்ளைங்க அப்படி எழுதக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச பாடம் அவ்வளவுதான்."

ஸெனாபு கரண்டியைக் கீழே வைத்தாள். மான்சா ஒரு வெள்ளைத் தாளை நீட்ட, அதில் கட்டைவிரலை அழுத்தினாள்.

"புரிஞ்சுது."

ரேகைக்கு மேலே, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு மேடம் ஓடினாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. குழுத் தலைவர் முழுக்கப் படித்தார். பிறகு எண்ணெய்க் கறையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்.

"என் பரிசோதகர் கையெழுத்து சார். எட்டு வருஷமா அவ தீர்ப்பு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டார் அவர்.

வந்த வேகத்தில் மேடம் ஸெனாபுவைக் கட்டிக்கொண்டாள். நிரந்தரமாகிவிட்ட ஆசிரியைக்கு ஆவல் தாங்கவில்லை.

"நிஜமாச் சொல்லு, நான் சொன்னதுல எந்த இடம் உனக்குப் புரிஞ்சுது?"

"எனக்கு ஏது மேடம் இங்கிலீஷ்? பேப்பரையே பாத்துப் படிக்கிறவங்களுக்கு 'புரியல'ன்னுடுவேன், என் மூஞ்சியப் பாத்துச் சொல்றவங்களுக்கு விரலை வெச்சிடுவேன்."