பின்பக்கமாக வந்த டொக்டரம்மா

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, மாட்டு டொக்டரம்மாவின் கை படாத மாடும் கிடையாது, அவருடைய காரைத் தள்ளாத மனிதரும் கிடையாது. மிகை என்று நினைப்பவர்கள் களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில் இறங்கி, முதலில் எதிர்ப்படும் ஆளிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் தள்ளியிருப்பார். நான் தள்ளிய தூரத்தை ஒன்றாகச் சேர்த்தால் கொழும்புக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அரசாங்க மிருக வைத்தியர் என்ற பதவியோடு வாசல் பலகையில் அதை எழுதியும் வைத்திருந்தார். ஒருவரும் வாசித்ததில்லை. பக்கத்து வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்கும் அவர் டொக்டரம்மாதான்.

மிருக வைத்தியர்கள் மோட்டார் சைக்கிளில் போவார்கள், ஜீப்பில் போவார்கள். டொக்டரம்மா போனது இரண்டே இருக்கை கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில். யாரோ ஆசைப்பட்டு ஜப்பானிலிருந்து இறக்கி, ஆசை தீர்ந்ததும் விற்ற பழைய வண்டி. மடித்து விரிக்கும் துணிக்கூரை கிழிந்துபோய், அந்த இடத்தில் நீல நிறத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் போகும் பஸ்ஸின் சில்லு நம் கண்ணுக்கு நேரே சுழலும். இது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “மாடு பாக்கப் போறவள் ஜீப்பிலதான் போகணும் எண்டு எங்க எழுதிக் கிடக்கு?” என்று திருப்பிக் கேட்டார். எங்கேயும் எழுதியில்லைதான்.

கல்முனை வீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகளை உங்களுக்குத் தெரியும். எந்த ஹோர்னுக்கும் எழும்பாத சாதி. ஆனால் குருக்கள்மடத்துக்கு அப்பால் அந்தச் சிவப்புக் காரின் உறுமல் கேட்டால் போதும், ஊசியை நினைத்து அத்தனையும் எழுந்து வேலிப்பக்கம் ஒதுங்கிவிடும். இதைக் கண்டுபிடித்த பஸ்காரர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக வருவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஒருமுறை, காலொடிந்த ஆடு ஒன்றைப் பக்கத்து இருக்கையில் இருத்தி, அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டுப் போனவரைப் பொலிஸ்காரர் மறித்தார். டொக்டரம்மா பெல்ட் போட மறந்திருந்தார். ஆட்டைப் பார்த்துப் படிக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார் பொலிஸ்காரர்.

நான் பெரியகல்லாற்றில் கணிதம் படிப்பித்த காலம் அது. காலையில் பள்ளிக்கூடம் வரை என்னை ஏற்றிப்போவார். ஆடு இருந்தால் நான் பஸ்ஸில் போவேன்.

அப்படிப் போய்வந்த நாட்களில்தான் கியர் லீவர் நோய்ப்பட்டது. முதலில் கொஞ்சம் ஆடியது. பிறகு கூழ்ப்பானைக்குள் போட்ட அகப்பையாகி, எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுத்த பக்கம் வந்தது. இரண்டாம் கியர் என்று போட்டது நான்காவதாக இருக்கும், முதலாம் கியர் என்று நம்பியது மூன்றாவதாக இருக்கும். மூன்றில் புறப்படச் சொன்னால் கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிடும். பற்றரியும் அரை உயிர். ஆகவே தள்ள வேண்டும்.

ஊர் கூடி வைத்தியம் பார்த்தது. கராஜ்காரர் கியர்பொக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்றார். ஓட்டோ நிற்குமிடத்தில் கிளச்தான் என்று ஏகமனதாக முடிவானது. சிவப்புக் கார் என்பதால் கண்ணூறு பட்டிருக்கும் என்பது எங்கள் பள்ளிக்கூட அதிபரின் கட்சி.

டொக்டரம்மா எதையும் ஏற்கவில்லை. “வாயில்லாச் சீவன் தம்பி. எங்க நோகுதெண்டு அது சொல்லாது. நாமதான் கேக்கணும்” என்று ஒரு சனிக்கிழமை காலை காரை வீட்டு முற்றத்தில் நிறுத்திக் கேட்கத் தொடங்கினார்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். கிளச்சில் பழுது என்றால் எஞ்சின் ஓடும்போது கியர் கரகரத்து அடம்பிடிக்கும், நிறுத்தினால் சுகமாக விழும். இங்கே இரண்டு நிலையிலும் அதே கூழ்ப்பானைதான், கரகரப்பும் இல்லை. கிளச் விடுதலை. தப்பித்தவறி ஒரு கியர் விழுந்துவிட்டால் கார் சத்தமில்லாமல் ஒழுங்காக ஓடியது. கியர்பொக்ஸும் விடுதலை. நோய் லீவரின் அடியில்தான், அதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிக் குறடு தேடும்போது போன் அடித்தது.

படுவான்கரையிலிருந்து கணவதிப்பிள்ளை. அவரும் மனைவியும் சீவிப்பது ஒரே ஒரு பால்மாட்டில். அந்த மாடு விடியலிலிருந்து கன்று போட முக்கிக்கொண்டு கிடக்கிறதாம். கன்றின் முன்கால்கள் தெரிகின்றன, தலையைக் காணவில்லை.

டொக்டரம்மா குறடு தேடுவதை விட்டார். பையைத் தூக்கிப் பின்னால் போட்டார். ஓட்டோ பிடிப்போம் என்றேன். பிடித்துப் பேசி முடிக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றும், லீவரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். ஏறினேன்.

மட்டக்களப்பில் ஏற்றம் என்றால் பாலம்தான். பட்டிருப்புப் பாலத்தை எப்படியோ மூன்றாம் கியரில் தாண்டினோம். அங்கால் கிரவல் பாதையில் இறங்கி, வயல் விரிந்து கிடந்த வட்டைக்குள் பாதித் தூரம் போனதும் கார் ஒரு குழிக்குள் விழுந்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து லீவரை எங்கே தள்ளினாலும் ஒரே ஒரு கியர்தான் விழுந்தது. ரிவர்ஸ்.

கணவதிப்பிள்ளையின் வாடிக் குடிசை வட்டையின் அந்தக் கடைசித் தொங்கலில் சின்னதாகத் தெரிந்தது. நடந்தால் வெகுநேரமாகும். டொக்டரம்மா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அந்த வாடியையே பார்த்தார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“முன்னுக்குப் போகாட்டி என்ன கா, பின்னுக்குப் போகுதுதானே” என்றார்.

வரம்பில் நின்றவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் காரைத் தூக்கி முகம் மாற்றி வைத்தார்கள். அதன் பிறகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு டொக்டரம்மா ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! ரிவர்ஸ் கியர் ஊளையிட்டது. படங்கு பறந்து என் தலையை மூடியது. அதற்குள்ளிருந்து நான் “வாய்க்கால், வாய்க்கால்” என்று செபம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியைப் பார்த்து நின்ற கணவதிப்பிள்ளையின் கண்ணில் முதலில் பட்டது காரின் பின்பக்கம். பின்பக்கம் தெரிந்தால் வாகனம் போகிறது என்றுதானே அர்த்தம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, “போகாதீங்க டொக்டரம்மா, நான் இஞ்ச நிக்கன்” என்று ஓடிவந்தார். போகிற கார் வரவரப் பெரிதாவதைக் கண்டு நடுப்பாதையில் குழம்பி நின்றவர், கடைசி நொடியில் வயலுக்குள் பாய்ந்தார்.

மாட்டுக்குக் கண் சொருகிவிட்டிருந்தது. டொக்டரம்மா தோள்வரை கையுறையை இழுத்துவிட்டு, சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டார். கண்களை மூடிக்கொண்டு முகத்தை வானத்துக்குத் திருப்பினார். விரலால் பார்க்கும்போது கண் தேவையில்லை என்பார். ஒருவரும் மூச்சுவிடவில்லை. கன்றின் தலை பின்னுக்கு மடங்கிக் கிடந்தது. கன்றை உள்ளே தள்ளி, தாடையைத் தேடிப் பிடித்து, தலையை நேராக்கி, கயிறு போட்டு நாங்கள் எல்லோரும் இழுக்க, வந்து விழுந்தது. அசையவில்லை. மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்தேயென்று தேய்த்தார். அது ஒரு தும்மல் போட்டது.

கணவதிப்பிள்ளையின் மனைவி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“நாகு” என்றார் டொக்டரம்மா. பெண் கன்று. வீட்டுக்கு இன்னொரு பால்மாடு.

சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, பிளேன்ரீ குடித்து முடித்ததும் அடுத்த நோயாளியிடம் போனார். பக்கத்து வயல் உழவு மெஷின்காரரிடம் ஸ்பானர் வாங்கி, லீவரைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை நீக்கி, ஆணிகளைக் கழற்றி, லீவரைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினார். அந்தத் துவாரத்துக்குள் விரல்களை விட்டு, கண்களை மூடி, முகத்தை வானத்துக்குத் திருப்பினார். எங்களுக்கும் மூச்சு தன்பாட்டில் நின்றுவிட்டது.

“இரிக்கு... வழுக்குது... ஆ, வருது” என்றார்.

கணவதிப்பிள்ளையின் மனைவி மெல்லக் கிட்டப் போய்க் கேட்டார்: “இதுவும் நாகுதானா டொக்டரம்மா?”

பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார். டொக்டரம்மா சிரித்த சிரிப்பில் விரலில் பிடித்திருந்தது மறுபடி உள்ளே விழுந்துவிட்டது. இரண்டாவது தடவைதான் வெளியே வந்தது. நொறுங்கிப்போன நைலோன் துண்டுகள். லீவரின் அடிமுனை குண்டு மாதிரி இருக்கும். அதற்கு ஒரு நைலோன் தொப்பி உண்டு. அது தேய்ந்து உடைந்துவிட்டதால் லீவர் பெரிய சப்பாத்துக்குள் சின்னக் கால் மாதிரி ஆடியிருக்கிறது. நோய் அவ்வளவுதான். மாட்டுக்கு ஏற்றிய கல்சியம் போத்தலின் ரப்பர் மூடியைச் சத்திரக் கத்தியால் குடைந்து, அந்தக் குண்டுக்கு மாட்டிவிட்டார். முதலாம் கியர் ‘டக்’ என்று விழுந்தது. வீடுவரை முன்பக்கமாகவே வந்தோம்.

பிறகு கராஜ்காரர் அச்சொட்டாக ஒரு நைலோன் தொப்பி கடைந்து கொடுத்தார். நோய் லீவரில்தான் என்று தான் தொடக்கத்திலேயே சொன்னதாகவும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். டொக்டரம்மா அதை மறுக்கவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அது மாடுகளுக்குத் தெரியாது. நான் டவுனில் குடியிருக்கிறேன். போன மாதம் குருக்கள்மடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியும் நானுமாக மனைவியோடு போய் இறங்கியபோது, சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றது. சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே அவர்.

“ஒரு எருமை. கிட்டத்தான். வாறியா தம்பி?”

அவருடைய ‘கிட்ட’ எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். மனைவி என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். என் கையிலிருந்த பரிசுப் பொதியைத் தானே வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் போனாள்.