பதினெட்டு எம்.எம்.

“பதினெட்டு எம்.எம். தான் கீது!” ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் மேல் நின்று கஜபதி கத்தினார். “போன வாரம் இருபத்தாறு. ஒரே வாரத்துல எட்டு எம்.எம். சாஞ்சிட்ச்சு வடிவு!”

உள்ளே கட்டிலில் கிடந்த அவர் மனைவி வடிவுக்கு எட்டு எம்.எம். என்றால் எவ்வளவு என்று தெரியாது. ஜன்னலை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரம் விழுந்தால் முதலில் தன் மேல்தான் விழும் என்பது தெரியும். பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். இடது கையும் இடது காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. மரத்துக்குப் பெயர் தூங்குமூஞ்சி. அதனடியில் படுத்தவளுக்குத்தான் பொட்டுத் தூக்கம் கிடையாது.

கஜபதி ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் அளவு பார்க்கும் வேலையில் இருந்தவர். தலைமுடி அளவு கூடினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்றபின் திருப்பி அனுப்ப ஒன்றும் அகப்படாமல் தவித்த மனுஷனுக்கு, கள்ளிக்குப்பத்தில் ஏரிப் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய சொந்த வீட்டின் சன்ஷேடுக்கும் பக்கத்து மரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி வாகாக அமைந்தது. ஞாயிறு தவறாமல் அளந்து நோட்டில் எழுதுவார்.

“மாத்திர கீழ வுழுந்தா உருண்டுகினு மரத்தாண்டயே போவுதுய்யா” என்றாள் வடிவு.

“வேரு தரைய இழுக்குது.”

“நானும் தூக்கத்துல அந்தப் பக்கமே சரிஞ்சிட்றேன்.”

“உனுக்கு அந்தப் பக்கம்தான வாதம்? அப்டித்தான் இருக்கும்.”

தன் உடம்பையே நம்ப முடியாதவள் தரையை எந்த வாயால் குறை சொல்வாள்?

மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்தார் கஜபதி. நாளாகும் என்றார்கள். அதற்குள் மரமேறும் செங்கல்வராயனைக் கூப்பிட்டு வீட்டுப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தார். அடுத்த ஞாயிறு பதினொன்று.

“கிளைய வெட்னா மரத்துக்குக் கோவம் வந்துடும்ணா” என்றான் செங்கல்வராயன். “வேர அறுத்துவுடு. தானா அந்தாண்ட போயிடும்.”

சுவரை ஒட்டி இடுப்பளவு பள்ளம் தோண்டி வேரை அறுத்தார்கள். இரண்டு நாள் மழையில் பள்ளம் நிரம்பித் தவளை கத்தியது. அடுத்த ஞாயிறு நான்கு.

அதற்கடுத்த ஞாயிறு கஜபதி கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிடலாம் என்று இழுத்துப் பார்த்தார். கதவு நிலை வழியே கட்டில் நுழையவில்லை.

“வாங்கினப்போ இதே வழியாத்தான வந்துச்சு?” என்றாள் வடிவு.

“மழைக்கு ஊறிட்ச்சு.”

“இரும்புக் கட்டிலு ஊறுமாய்யா?”

கஜபதி டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று டேப்பே நுழையவில்லை. சன்ஷேடு மரத்தின் இடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

நல்லவேளை, மறுநாளே அனுமதிக் கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் கிரேன் வந்தது.

கிரேன் ஓட்டி வந்த அஜித்குமார் பேச்சுக் குறைந்த ஆள். “மொதல்ல அம்மாவ வெளிய தூக்கினு போங்க” என்றான். வடிவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு ரேகாவின் வாசலில் உட்கார வைத்தார்கள். உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, பெல்ட் கட்டி, கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்கு மேலே கொண்டுபோய்த் தெருவில் இறக்கியது. ஒவ்வொரு துண்டு தலைக்கு மேல் போகும்போதும் கஜபதி ஒரு முழம் குட்டையானார்.

அடிமரம் மட்டும் லேசில் வரவில்லை. சன்ஷேடு பட்டையில் பதிந்து கிடந்தது. கிரேன் ஒரு இழு இழுத்ததும் ஒரு கைப்பிடி சிமெண்ட் உதிர, மரம் வெளியே வந்தது.

“வுட்டுது சனியன்!” என்று கைதட்டினாள் ரேகா.

கஜபதிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு மாதமாக அவர் பயந்தது வீட்டுக்காக இல்லை. இவள் நசுங்கிக் கிடப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்குமோ என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் அளந்தார். அதை அவளிடம் சொல்லத் தெரியாமல்தான் எம்.எம். சொன்னார்.

ரேகாவும் அவருமாக வடிவைத் தூக்கிக்கொண்டு வந்து பழையபடி கட்டிலில் படுக்க வைத்தார்கள். ரேகா அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடினாள். ஜன்னலில் முதல்முறையாக வானம் தெரிந்தது. வடிவு அழுதாள்.

“இனிமே தைரியமாத் தூங்கு” என்றார் கஜபதி.

சுவருக்குள் எங்கோ ‘மடக்’ என்றது.

“இன்னாய்யா சத்தம்?”

“பாரம் போச்சில்ல? ஊடு மூச்சு வுடுது.”

சொல்லிவிட்டு, அஜித்குமாருக்கு டீ சொல்ல வெளியே வந்தார். அவன் கிரேனை மடக்காமல் நின்றுகொண்டிருந்தான். கொக்கியோடு கம்பிக்கயிறு சுவரோரம் அசையாமல் தொங்கியது. மேலே மொட்டைமாடி விளிம்பை உரசிய கயிறு, கீழே தரைக்கிட்ட சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அஜித்குமார் கயிற்றைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மறுபடி கயிற்றைப் பார்த்தான். இஞ்சினை அணைத்தான்.

“நைனா” என்றான், தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்பது போன்ற குரலில். “சத்தம் போடாம உள்ள போயி, அம்மாவத் தூக்கினு ஓடியா. மரம் நேராத்தான் இருந்துச்சு. சாஞ்சது ஊடு, இதுவரிக்கும் அத்த மரந்தான் தாங்கினு இருந்துச்சு.”