மாட்டுக்குப் பிடித்த தரை

சிரிக்கத் தயாராக இருங்கள். என் அப்பா ஏமாந்த கதையைச் சொல்லப்போகிறேன். ஆனால் உடனே சொல்ல மாட்டேன். முதலில் தரையைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். நான் மட்டும் ஒரு மாதம் அதைக் கேட்டுச் செத்திருக்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்வதா?

அப்பா பெயர் அன்பரசன். நீடாமங்கலம் பக்கம் அறிவியல் வாத்தியார். கத்திரிக்காய் வாங்கினாலும் ஆய்வு செய்துதான் வாங்குவார். எங்கள் வம்சத்தில் சொந்தமாக வீடு கட்டிய முதல் ஆள். தாத்தா அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர். அவருக்குக் கிடைத்தது அரசாங்கத் தொகுப்பு வீடு. அதில் குடிபோக விழா, சடங்கு எதுவும் கிடையாது. கதவைத் தள்ளினால் உள்ளே போய்விடலாம்.

எங்கள் புது வீட்டுக்குச் சுவர் எழுந்தது. மேல்தளம் போட்டாயிற்று. தரையில் வந்து வண்டி நின்றது.

இனி அப்பா குரல். நான் அந்தக் குரலில் பேசினால் அம்மாவே ஏமாந்து ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியுங்கள்.

"மொசைக்கா? நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கு, பாத்தாலே மணி அடிக்கிற மாதிரி இருக்கும். மார்பிள்ல மஞ்சத்தூள் கொட்டுனா அதுக்கப்புறம் அது மஞ்ச மார்பிள். சிமெண்டுத் தரை வெடிக்கும். கிரானைட் போட்டா எவனோ பெரிய மனுசனுக்கு நினைவிடம் கட்டுன மாதிரி இருக்கும். ஆகவே, கண்ணாடி டைல்ஸ்! வெள்ளை வெளேர்னு! குனிஞ்சா மூஞ்சி தெரியணும்!"

"மூஞ்சி பாக்கத்தான் பீரோல கண்ணாடி இருக்கே" என்றார் அம்மா.

அம்மா பெயர் இசைவாணி. அவர் குரலில் பேசப் பெரிய முயற்சி வேண்டாம். மெதுவாகப் பேசினால் போதும். அடுத்தவர்தான் பதறுவார்.

அப்பாவின் ஆய்வு முடிவுக்கு உண்மைக் காரணம் சீர்காழியில் இருந்தது. அத்தை சந்திரலேகா வீட்டில் அதே டைல்ஸ். தங்கச்சி வீட்டுத் தரையைவிடத் தன் வீட்டுத் தரை ஒரு பிடி கூடுதலாக மின்ன வேண்டும். அம்மாவின் காரணமும் சீர்காழியில்தான் இருந்தது. போன பொங்கலுக்கு அந்தத் தரையில்தான் பாயசக் கிண்ணத்தோடு வழுக்கினார். பாயசம் மேலே போனது. அம்மா கீழே போனார். தை மாசம் முழுக்க இடுப்பில் கை வைத்தபடியே நடந்தார்.

"ஈரக்காலோட அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடப்போறது நாந்தாங்க. பாலிஷ் போடாத கடப்பாக்கல் போடுங்க. கால் நிக்கும்."

"கடப்பாவா! அது அலமாரித் தட்டுக்குப் போடுறதுடி! நான் என்ன ஊறுகா ஜாடியா, அலமாரில குடியிருக்க?"

"நான் விழுந்தேனே?"

"பாத்து நடந்தா ஏன் விழப்போற?"

அம்மா வாயை மூடிக்கொண்டார். அம்மா வாயை மூடினால் எங்கள் வீட்டில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றலாம். அப்பாவுக்கு வானிலை பார்க்கத் தெரியாது. ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அம்மா குரலில் தேன்.

"டைல்ஸே போட்டுருவோங்க. ஒரே ஒரு கவலைதான்."

"சொல்லு, சொல்லு."

"குடிபோற அன்னிக்கு மாட்ட உள்ள ஓட்டிட்டு வருவாங்களே... ஊரே நின்னு பாக்குமே... அது வாசல்ல கால வச்சதும் சர்ருன்னு..."

அம்மா நிறுத்திக்கொண்டார். பாதியில் நிற்கும் வாக்கியம்தான் அம்மாவின் ஆயுதம்.

அப்பா கையில் காபி ஆறியது. "நான் அறிவியல் வாத்தியார். சகுனமெல்லாம் பாக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் பாவம், மாட்டுக்கு அடிபடக் கூடாதில்ல?" என்றார். அப்புறம், "ஆய்வு பண்ணிருவோம்!"

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுக் கூடத்தில் ஆய்வு. ஒரு பக்கம் மாதிரிக்கு வாங்கிய டைல்ஸ். மறுபக்கம் அம்மா எங்கிருந்தோ வரவழைத்த கடப்பாக்கல். இரண்டிலும் அம்மா தாராளமாகத் தண்ணீர் தெளித்தார். பக்கத்து வீட்டு வைரக்கண்ணு மாமா தன் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய் நிறைய வெற்றிலையோடு அண்ணாந்துதான் பேசுவார்; 'ம' எல்லாம் 'ழ' ஆகிவிடும். நீங்களும் அண்ணாந்துகொள்ளுங்கள்.

"ழாப்ள, எந்தப் பக்கழ் ழொதல்ல?"

"டைல்ஸ் பக்கம் விடுங்க மச்சான்."

பசு ஒரு குளம்பை வைத்தது. குளம்பு தனியாகப் பயணம் போகப் பார்த்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. குனிந்து பார்த்தது. கீழே இன்னொரு பசு! புஸ்ஸென்று மூச்சு விட்டது. அதுவும் விட்டது.

"அது மொறைக்குதுங்க" என்றார் அம்மா.

"பழகிக்கும், பழகிக்கும்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து, கடப்பாக்கல் பக்கத்து அறைக்குள்ளிருந்து கன்றுக்குட்டி "ம்ம்ம்மே" என்று கத்தியது. பசு காதை விடைத்தது. அப்படியே திரும்பிக் கடப்பாக்கல் மேல் கல்யாணப் பெண் மாதிரி பிசகாமல் நடந்து போனது.

அப்பா வாய் பிளந்தார். "மச்சான், கன்னுக்குட்டியையும் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்லையே, அது வீட்டுலல்ல கட்டிக் கெடக்கு!"

"நல்ல சகுனங்க" என்றார் அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அந்த அறைக் கதவுக்குப் பின்னால் நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே கடப்பாக்கல்லுக்குச் சொல்லியாயிற்று. அப்பா அதைத் தன் கண்டுபிடிப்பாகவே ஊரெல்லாம் பரப்பினார். சீர்காழிக்குப் போன் போட்டு, "சந்திரா, உன் தரையில மாடு நிக்குமா? என் தரையில நிக்கும்!" என்றார்.

குடிபோகும் நாள் வந்தது. பந்தல், வாழைமரம், சொந்தபந்தம். கல்தரை மழை நேரத்து வயல் மாதிரி கருகருவென்று குளிர்ந்து கிடந்தது. அப்பா புது வேட்டியில் வாசலிலேயே நின்றார். தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். வைரக்கண்ணு மாமா வந்தார். கையில் தூக்குவாளி.

"மச்சான், மாடு எங்க?"

"ழேய்ச்சலுக்குப் போயிருக்கு. தங்கச்சி பால் ழட்டும் போதுழ்னுச்சே?"

அப்பா உள்ளே ஓடினார். அம்மா கால் ஈரத்தோடு அடுப்படிக்கும் கூடத்துக்கும் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

"வாணி! மாடு வரலையாமே?"

"மாடு எதுக்குங்க? நம்ம பக்கத்துல பால் காய்ச்சுறதோட சரி. மாட்ட உள்ள விடுற வழக்கமே கெடையாதே. எங்கம்மா வீட்டுல, எங்க சித்தப்பா வீட்டுல, எங்கயும் கெடையாது."

"கெடையாதா? அடியே, மாடு வழுக்காம நடக்கணும்னுதானே நான் தரையவே மாத்துனேன்!"

பின்னாலேயே வந்த மாமாவிடம் அம்மா தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க. நான் நடக்கணும்னு சொன்னப்ப நீங்க மாத்தலையே."