வம்ச விருத்தி ஆலோசனைக் குழு

மனித குலம் இதுவரை சாதித்தவற்றில் மகத்தானது எது என்று கேட்டால் சிலர் நிலவுக்குப் போனதைச் சொல்வார்கள். சிலர் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டியதைச் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் உலகம் தெரியாது. மைசூர் விஜயநகரில், கீழே பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு மஞ்சள் வீட்டின் மாடியில், ஒரே ஒரு பெண்ணின் சினைப்பைக்காக ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் கூடியது, விவாதித்தது, தீர்மானங்கள் நிறைவேற்றியது, காபி குடித்துக் கலைந்தது. இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்லிவிட முடியுமா?

சினைப்பையின் சொந்தக்காரி பெயர் காவேரி. தேவராஜ மொஹல்லாவில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாதவிடாய்க்கு மாதாமாதம் வரும் வழக்கம் அவளிடம் இல்லை. மனம் வந்தால் வரும். வராவிட்டால் இரண்டு மூன்று மாதம் தலைமறைவாக இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பிரதிபா அதற்கு பி.சி.ஓ.எஸ். என்று பெயர் சொன்னார்.

"பயப்படற விஷயமே இல்ல காவேரி. முட்டை முழுசா வளந்து வெளிய வர்றது ஒழுங்கா நடக்கல, அவ்வளவுதான். ரொம்பப் பேருக்கு இருக்கு. முறையா வைத்தியம் பண்ணினா நிச்சயம் நல்ல சான்ஸ் உண்டு."

நல்ல டாக்டர்தான். ஆனால் வைத்தியம் என்றால் மருத்துவமனையில் நடப்பது என்று நம்பும் அளவுக்கு அப்பாவி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமனார் தொட்டையன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பி.சி.ஓ.வா? அது அந்தக் காலத்துல போன் பண்ற பூத்தல்ல? எல்லாத்தையும் மூடிப்போட்டாங்களே அம்மணி!"

"பி.சி.ஓ.எஸ். மாமா. சினைப்பையில நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அது."

"நீர்க்கட்டியா!"

அவர் முகம் மலர்ந்தது. கொள்ளேகால் பக்கத்து ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் காலமெல்லாம் மதகு பார்த்து ஓய்வு பெற்ற நீர்ப்பாசன அதிகாரி அவர்.

"தண்ணி கட்டறதும் தொறந்து உடறதுந்தா என்ற சர்வீசே. நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. இத என்ற கிட்ட உடு."

இவ்வாறாக ஒரு மருமகளின் சினைப்பை நீர்ப்பாசன நிர்வாகத்தின் கீழ் வந்தது.

அடுத்த ஞாயிறே 'வம்ச விருத்தி ஆலோசனைக் குழு' உருவானது. தலைவர், தொட்டையன். உணவுப் பிரிவு, மாமியார் லிங்கம்மா. நலவாழ்வுப் பிரிவு, குவெம்பு நகரிலிருந்து வந்து போகும் நாத்தனார் கனகா. கைப்பேசியிலேயே படித்து 'முழுமை நல ஆலோசகர்' பட்டம் வாங்கியவள். தொழில்நுட்பப் பிரிவு, கணவன் கிரண். காவேரிக்குப் பொறுப்பு எதுவும் தரப்படவில்லை. அவள், திட்டம் நிறைவேற்றப்படும் இடம்.

முதல் தீர்மானத்தை லிங்கம்மா கொண்டு வந்தாள்.

"சக்கரயே தொடக்கூடாது கண்ணு. நாங்கெல்லாம் எதுக்கு இருக்கறோம்? உன்ற பங்கையும் நாங்க தின்னுக்கறோம்."

சொன்ன சொல் தவறாத குடும்பம். அன்று மாலையே மைசூர்பாகு வந்தது. காவேரியின் பங்கு கண்ணெதிரே நியாயமாகப் பிரித்து உண்ணப்பட்டது.

அடுத்து கனகா எழுந்தாள். அவள் தமிழில் பாதி கன்னடம்.

"மொதல் அரை மாசம் ஆளிவிதை, பரங்கிவிதை. அடுத்த அரை மாசம் எள்ளு, சூரியகாந்தி விதை. சைக்கிளோட சேந்து போகணும், அல்லவா? இதுக்குப் பேரு விதைச் சுழற்சி. இப்ப எல்லாரும் இதத்தான் மாடறாங்க."

"அண்ணி, எனக்கு சைக்கிளே ஓடலையே. அரை மாசம்னு எதை வெச்சு எண்ணறது?"

"நெகட்டிவா பேசாதே காவேரி. கர்ப்பப்பை எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்கு."

கர்ப்பப்பைக்குக் காது உண்டு என்ற கண்டுபிடிப்பை மருத்துவ உலகம் இன்னும் அறியவில்லை. மறுநாள் முதல் வங்கியில் அவள் மேசையில் கிளிகளுக்கு வைப்பதுபோல ஒரு டப்பா விதை இருந்தது. வீட்டில் காலையும் மாலையும் லிங்கம்மாவின் கசப்புக் கசாயம். மார்க்கெட்டில் பூ விற்கும் தேவம்மா கணக்கில் பணம் போட வருவாள். வந்ததும் வயிற்றைப் பார்த்து, "ஏன் மேடம், விசேஷ ஏனாதரூ?" என்று, நல்ல சேதி உண்டா எனக் கன்னடத்தில் கேட்பாள். "விசேஷம்தான் தேவம்மா. புதுசா ஒரு டெபாசிட் திட்டம் வந்திருக்கு" என்பாள் காவேரி.

தொழில்நுட்பப் பிரிவும் சும்மா இல்லை. கருத்தரிக்க உகந்த நாளைக் கணித்துச் சொல்லும் செயலி ஒன்றைக் கிரண் இறக்கினான். உகந்த நாளில் அது பச்சை காட்டும். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்காகச் செய்த செயலி அது. காவேரியின் உடம்பு தந்த தகவல்களில் குழம்பி, நினைத்த நாளில் பச்சை காட்டியது. வெளிப்படையான நிர்வாகத்தில் நம்பிக்கையுள்ள கிரண், கடவுச்சொல்லை அக்காவுக்கும் கொடுத்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கனகா போன் செய்தாள். "கிரண், இன்னிக்கிப் பச்சை! நீங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போறீங்கன்னு அம்மா சொல்றா? டிக்கெட்டக் கேன்சல் பண்ணு!"

சிறிது நேரத்தில் லிங்கம்மா பட்டுப்புடவையில் வந்து நின்றாள். பெரியவர்கள் சாமுண்டி மலைக்குப் போவதென்று அவசர முடிவாகியிருந்தது. பல் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்க, தொட்டையன் கேட்டருகில் நின்று மாடியைப் பார்த்து அறிவித்தார்:

"நாங்க வர நேரமாகும்! எதுக்கும் அவசரப்பட வேண்டாம்!"

சோபாவின் இரு முனைகளில் கணவனும் மனைவியும், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பண்ணலாம்?" என்றான் கிரண்.

"தோசை சுடலாம்."

காவேரிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. தோசை கருகும் வரை இருவரும் அடுப்படியில் நின்று சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அவன் தோளில் அவள் தலையைச் சாய்த்தபோது போன் அடித்தது.

"தரிசனம் நல்லபடியா ஆச்சு," என்றார் தொட்டையன். "அங்க?"

அந்த மாதம் மாதவிடாய் தள்ளிப்போனது. காவேரிக்கு அதுதான் நோய் என்பதைக் குழு ஏற்கவில்லை. தள்ளிப்போனால் நல்ல சேதி என்பது அவர்கள் சட்டம். லிங்கம்மா பாயசத்துக்கு முந்திரி வறுக்க ஆரம்பித்துவிட்டாள். காவேரிக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை முளைவிட்டது; வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அது கேட்கவில்லை. குளியலறையில் பரிசோதனைக் குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக் கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடுதான்.

"கண்ணு, என்னாச்சு? சொல்லு, முந்திரி கருகுது!"

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் அழுது முடித்து, முகம் கழுவி, வங்கிக்குக் கிளம்பினாள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றான் கிரண், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். பாயசம் வீணாகவில்லை. குழு குடித்தது.

இதற்கிடையே டாக்டர் பிரதிபா சொன்ன சோதனைகளையும் காவேரி செய்துகொண்டுதான் இருந்தாள். வயிறு வெடிக்கத் தண்ணீர் குடித்து ஸ்கேனுக்குக் காத்திருந்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று வலி தாங்காமல் மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்தாள். குழுவினருக்கு இருந்த பணிச்சுமையில் உடன்போக யாருக்கும் ஒழியவில்லை.

"உங்க ரிப்போர்ட் எல்லாம் ஆயிடுச்சு," என்றார் டாக்டர். "முட்டை வளர மாத்திரை ஆரம்பிச்சிடலாம். உங்க வீட்டுக்காரரோட விந்தணு டெஸ்ட் ஒண்ணுதான் பாக்கி. ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான். ஏன் இன்னும் குடுக்கல?"

ஞாயிற்றுக்கிழமை காவேரி இதைக் குழுவின் முன் வைத்தாள்.

"எங்க வம்சத்துல அப்பிடியொரு சந்தேகமே வந்ததில்ல," என்றார் தலைவர்.

"ஆம்பளப் பையன் கையில டப்பாவக் குடுத்து அனுப்பறதா? அக்கம்பக்கம் பாத்தா என்ன நெனைக்கும்?" என்றாள் லிங்கம்மா.

"குடுக்கறேன், குடுக்க மாட்டேன்னு சொல்லல," என்றான் கிரண். "இந்தப் பிராஜெக்ட் முடியட்டும்."

பிராஜெக்ட் முடிந்தது. ஆடி வந்தது, ஆடியில் நல்ல காரியம் கூடாது. தசரா வந்தது, சாலையெல்லாம் அடைத்துவிட்டார்கள், டப்பாவோடு எப்படிப் போவது? பிறகு கிரணுக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அநாகரிகம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

காவேரிக்கு ஒரு ஞாயிறு அந்த அநாகரிகம் வந்துவிட்டது. விதை டப்பாக்களையும் கசாயச் சொம்பையும் கொண்டுவந்து கிரண் முன்னால் வைத்தாள். அவன் கையிலிருந்த மைசூர்பாகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே விதை, கசாயம் எல்லாம் இவருக்கு. சக்கரையும் கிடையாது. டெஸ்ட் குடுக்கற வரைக்கும் இப்படித்தான். மாமா, இதையும் தீர்மானத்துல சேத்துக்குங்க."

"என்ன காவேரி இது, வெளையாட்டா?" என்றான் கிரண்.

"எனக்கு வெளையாட்டா இருந்திருந்தா நானும் தள்ளிப் போட்டிருப்பேன் கிரண்," என்றாள். கசாயச் சொம்பை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் சில நாள் தாக்குப்பிடித்தான். கசாயம் அவன் வீரத்தை வென்றது. ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல், தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே ஆய்வகத்துக்குள் போய் வந்தான்.

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

அந்தப் பொன்னாளை விஜயநகர் மறக்காது. "என்ற பையன் பாஸ்!" என்று தொட்டையன் மாடிப்படியில் நின்று முழங்கினார். லிங்கம்மா தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள். பல் டாக்டரின் நோயாளிகளும் சொத்தைப் பல்லோடு மைசூர்பாகு தின்றார்கள். கனகா பூமாலையே வாங்கி வந்துவிட்டாள். அத்தனை ஊசிகளையும் குத்திக்கொண்டவள் காபி கலந்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

டாக்டர் மாத்திரை தந்தார். முதல் முறை பலிக்கவில்லை. அடுத்த முறை அளவைக் கூட்டினார். காவேரி காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தாள், நேரத்துக்குத் தூங்கினாள், செயலியை அழித்தாள். குளிர்காலம் முடியும் சமயம், குளியலறையில் அந்தக் குச்சியில் இரண்டாவது கோடு மெல்ல எழும்பி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெடுநேரம் அதை யாருக்கும் சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

முதல் ஸ்கேனுக்குக் குழு முழு பலத்துடன் இரண்டு கார்களில் புறப்பட்டது. அறை வாசலில் நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். "கூட ஒருத்தர் மட்டுந்தான் உள்ள போலாம்."

"தலைவர்ங்கற மொறையில..." என்று தொட்டையன் வேட்டியைச் சரிசெய்தார்.

"மலையேறி வேண்டிக்கிட்டது நானு," என்றாள் லிங்கம்மா.

"விதை யாரு குடுத்தது? நான் குடுத்தது!" என்றாள் கனகா, வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி.

"அக்கா, மெல்லப் பேசு," என்றான் கிரண், காது சிவந்து. "டெஸ்ட்ல பாஸ் பண்ணினது நான்தானே?"

யார் பங்கு பெரிது என்ற விவாதம் சூடுபிடித்தது. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். காவேரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

வயிற்றில் ஜெல் ஜில்லென்று பட்டது. டாக்டர் பிரதிபா திரையை அவள் பக்கம் திருப்பினார். கரும்புள்ளிக்கு நடுவில் பயறளவு ஏதோ ஒன்று மினுக் மினுக்கென்றது.

"பாத்தீங்களா? துடிக்குது."

காவேரி பார்த்தாள். பிறகு கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே தொட்டையன் கையைத் தூக்கி வாக்களிக்கச் சொல்லும் குரல் கேட்டது.

"இதப் பாக்கறதுக்காவது கூட யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாமே காவேரி?"

"எல்லாரும் வந்திருக்காங்க டாக்டர்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "கூடத்தான் யாரும் வரல."