டேய் என்று கூப்பிட அனுமதி

மனிதனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டால் அவனை மரியாதையாகக் கூப்பிட ஊரே திரண்டு நிற்கிறது. இதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலாளி. கண் காட்ட வருகிறவர்களுக்கு சார். வீட்டில் மனைவிக்கு 'என்னங்க', மருமகளுக்கு மாமா, பேத்திக்குத் தாத்தா. என்னை "டேய்" என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தார். என் அண்ணன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இனிமேல் என்னை 'டா' போட ஆளே கிடையாது என்று. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதி அதற்காகத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: "டேய் பசங்களா, எல்லாரும் உயிரோட இருக்கீங்களாடா?" எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கடையில் ஆள் காத்திருப்பதையும் மறந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒருங்கிணைப்பாளர் வரும் வரை நீடித்தது.

ஒருங்கிணைப்பாளரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவராகவே பொறுப்பேற்றுக்கொண்டு, பொறுப்பேற்றதற்குத் தன்னைத் தானே வாழ்த்தியும் ஒரு செய்தி போட்டார். ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று பலமுறை சொன்னார். எங்களுக்குத்தான் மனதில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் தவளை. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக் கடைசி வரிசைக்கு வந்துவிடுவான். மன்னிக்கவும், வந்துவிடுவார்.

அன்று மாலையே முதல் சுற்றறிக்கை வந்தது.

"மதிப்பிற்குரிய முன்னாள் சக மாணவப் பெருமக்களே! நமது குழுவில் 'டேய்', 'வாடா', 'போடா' போன்ற சொற்கள் புழங்குவது ஒருங்கிணைப்பாளரின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. நம்மில் பலர் உயர் பதவிகளை வகித்தவர்கள். பேரக்குழந்தைகள் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிடும் அபாயமும் உள்ளது. எனவே மறு உத்தரவு வரும் வரை உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'அவர்களே' என்று மட்டுமே விளிக்க வேண்டும்."

அவருடைய கவனத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். முதலில் டேய் போட்டவனிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவன் "என்னடா இது?" என்று கேட்டான். அந்த 'டா'வுக்குத் தனியாக ஒரு விளக்கம் கேட்கப்பட்டது. அவன் குழுவை விட்டு வெளியேறினான். அதற்குப் பிறகு குழுவில் பரிபூரண ஒழுங்கு நிலவியது. காலை வணக்கம் அவர்களே, இனிய இரவு அவர்களே, அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடித்தேன்.

"சார், கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுங்க."

"ஒரு விதிவிலக்கு வேணும் சார். என்னை மட்டும் டேய்னு கூப்பிடலாம்னு அனுமதி கொடுத்துடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்கறது பிரச்சினையே இல்ல. அனுமதி கேக்க வேண்டியவர் கூப்பிடறவர். கூப்பிடப்படறவர் கேட்டா அது சிபாரிசுல சேர்ந்துடும்."

"அப்ப அவனே கேக்கட்டும் சார்."

"யாரு?"

"என் பக்கத்துல உக்காந்திருந்தவன். குண்டூசி."

"அது பட்டப்பேரு. முழுப்பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடமே அவனைக் குண்டூசி என்றுதான் சொல்லும். முன்னால் இருப்பவன் தூங்கினால் குத்தி எழுப்புகிற புண்ணியத்தைச் செய்துவந்தவன்.

"தெரியாது சார்."

"பேரே தெரியாத ஒருத்தர் பக்கத்துல வருஷக்கணக்கா உக்காந்திருந்தேன்னு சொல்றீங்க. நடைமுறைப்படி பாத்தா, நீங்க தனியா உக்காந்திருந்தீங்கன்னுதான் அர்த்தம்."

"சார், பட்டப்பேரு இல்லேன்னா நம்ம கிளாஸ்ல யாருக்கு யாரைத் தெரியும்? என்னைக் கொசுன்னாதான் தெரியும். உங்களையே எடுத்துக்குங்களேன், தவ..."

"வேண்டாம்." சட்டென்று நிறுத்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"சரி. துணைக்குழுவுல வைக்கறேன்."

விளித்தல் துணைக்குழு கூடியது. அதன் தலைவர் ஒருங்கிணைப்பாளர், உறுப்பினரும் அவரே. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது. நேரில் சந்திக்கும் விழாவில், தேநீருக்குப் பிறகு, ஒருமுறை மணி அடித்து மறுபடி மணி அடிக்கும் வரை 'சுதந்திர விளித்தல் நேரம்' அளிக்கப்படும். அந்த நேரத்தில் எவரும் எவரையும் டேய் என்று அழைக்கலாம். பின்விளைவுகள் கிடையாது.

அன்றிலிருந்து நான் நாளை எண்ணத் தொடங்கினேன். மனைவி கேட்டாள், "என்னங்க, கண்ணாடி முன்னாடி நின்னு என்ன பண்றீங்க?" ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். டேய் என்று கூப்பிட்டதும் எப்படித் திரும்ப வேண்டும் என்ற ஒத்திகை.

விழா எங்கள் பழைய பள்ளிக்கூடத்து அரங்கத்தில் நடந்தது. வாசலிலேயே ஆளுக்கொரு சட்டை கொடுத்தார்கள். இப்போதெல்லாம் பழைய மாணவர்கள் ஒரே சட்டை போடாமல் கூடினால் கூடியதாகவே கணக்கில் வராதாம். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஏன் ஒரே அளவு என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒரே வகுப்பு, அதனால ஒரே அளவு" என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். கொசு என்று பேர் வாங்கின எனக்கே மூன்றாவது பொத்தானுக்கு மேல் போட முடியவில்லை. மற்றவர்கள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் மரியாதை மாதிரியேதான் இருந்தது.

சட்டைக்கு மேல் ஓர் அட்டை. அதில் முழுப்பெயர், அதற்குக் கீழே பெயரை விடப் பெரிய எழுத்தில் பதவி. அட்டையைப் படித்தால் ஆளைத் தெரியவில்லை. ஆளைப் பார்த்தால் அட்டை மறைத்தது. இருக்கைகளும் ஓய்வு பெற்ற பதவிப்படி போடப்பட்டிருந்தன. பரீட்சையில் எப்போதும் முதலாவதாக வந்தவர் நான்காவது வரிசை. அவரைப் பார்த்து எழுதியவர் முதல் வரிசை. சுயதொழிலுக்கும் தனியார் கம்பெனிக்கும் எந்தப் பதவி ஈடு என்று முடிவாகாததால், எங்களை மொத்தமாகத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நரைத்த தலை, நல்ல செருப்பு. அட்டையில் 'பொது மேலாளர்' என்று இருந்தது. அவர் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் தொழில் புத்தி, கை தானாகத் திருத்தப் போயிருக்கும். அப்போதுதான் பார்த்தேன், கண்ணாடிச் சட்டத்தில் கோணல் இல்லை. இடது காது வலது காதைவிட இறங்கி இருக்கிறது. எத்தனையோ காதுகளுக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன், இந்தக் காது எனக்குத் தெரியும். வாத்தியார்கள் முறை வைத்துத் திருகிய காது.

குண்டூசி!

"வணக்கம் சார்," என்றேன்.

"வணக்கம் சார்," என்றான். என்றார். அவரும் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மணி அடிக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

'குறும்புகளை நினைவுகூர்தல்' என்ற நிகழ்ச்சி வந்தது. குறும்புகளை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆய்வகத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது நான்தான் என்று முன்னாள் மாவட்ட அதிகாரி ஒருவர் பெருமையாகச் சொன்னார். இல்லை, நான்தான் என்று முன்னாள் மருத்துவர் ஒருவர் எழுந்தார். அந்தக் கண்ணாடிக்கு உண்மையில் அடி வாங்கியவர் மூன்றாவது வரிசையில் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் தீர்ப்புச் சொன்னார்: "ஜன்னல் உடைந்தது என்ற அளவில் அவை குறித்துக்கொள்கிறது."

தேநீர் வந்தது, போனது. மணி அடித்தது.

"இப்போது சுதந்திர விளித்தல் நேரம் தொடங்குகிறது," என்றார் ஒருங்கிணைப்பாளர். "அவர்களே, நீங்கள் கூப்பிடலாம்."

ஒரு சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் ஆவலோடு அவரைப் பார்த்தோம். அவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் தைரியமாக ஆரம்பித்தார்: "டே... அவர்களே."

எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் என்னைப் போலவே திரும்பிப் பார்க்க ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கூப்பிடத்தான் யாரும் தயாராக வரவில்லை. மேடையில் ஒருங்கிணைப்பாளர் மணியைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. யாராவது தன்னைத் தவளை என்று கூப்பிடுவார்கள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

நான் குண்டூசியின் பக்கம் திரும்பினேன். அவரும் திரும்பினார். வாயைத் திறந்தேன். "டே..." என்பது வரை வந்துவிட்டது. கண் அந்தப் பாழாய்ப்போன அட்டையில் விழுந்தது. பொது மேலாளர்.

"டேபிளைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா சார்?" என்றேன்.

"பரவாயில்ல சார்," என்றார்.

மணி அடித்தது. நேரம் முடிந்தது.

கடைசியாகக் குழுப்படம். பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை படத்தில் விழ வேண்டும் என்று எங்களைச் சாலையில் இறக்கி, பதவி வரிசைப்படி நிற்க வைத்தார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். ஒருவர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை. சட்டை வேறு இறுக்கிப் பிடித்தது.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு வேன் வந்து கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்:

"டேய்! ஓரமா நில்லுங்கடா!"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். முன்னாள் அதிகாரி, முன்னாள் மருத்துவர், பொது மேலாளர், நான், எல்லோர் முகத்திலும் பல் தெரிந்தது. எல்லோருக்கும் முந்தித் திரும்பியவர் ஒருங்கிணைப்பாளர். குதித்தே திரும்பினார். படம் அந்த நேரத்தில்தான் விழுந்தது. இன்றைக்கும் என் கடையில் மாட்டியிருக்கிறேன். ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை, ஆனால் அத்தனை பேரும் பையன்களாக இருக்கிறார்கள்.

வேன் போய்விட்டது. எல்லோரும் அட்டையை நேராக்கிக்கொண்டோம். "அப்ப நான் வரட்டுமா சார்?" என்றார் குண்டூசி. "சரிங்க சார்," என்றேன்.

இரவே சுற்றறிக்கை வந்தது. "அடுத்த ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினராக மேற்படி வேன் ஓட்டுநரை அழைப்பது என முடிவு செய்யப்பட்டுள்ளது. அன்னாரைக் கண்டுபிடிக்கத் துணைக்குழு அமைக்கப்படுகிறது." இதுவரை வந்த சுற்றறிக்கைகளில் இதற்கு மட்டும்தான் எதிர்ப்பே இல்லை. கண்டுபிடித்தும் விட்டார்கள்.

அடுத்த வருஷம் டிரைவர் வந்தார். தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். மேடையில் உட்கார வைத்துப் பூங்கொத்து கொடுத்தோம். எங்கள் ஒவ்வொருவரையும் பதவியோடு சொல்லி ஒருங்கிணைப்பாளர் அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு பதவியைக் கேட்கும்போதும் டிரைவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நுனிக்கு வந்தார். குண்டூசி இந்த முறையும் என் பக்கத்தில்தான். இருவரும் மேடையையே பார்த்தோம்.

"இப்ப நம்ம சிறப்பு விருந்தினர் பேசுவார்," என்று மைக்கை அவரிடம் கொடுத்தார் ஒருங்கிணைப்பாளர். அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டது.

டிரைவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்."

ஒருங்கிணைப்பாளர் அவர் காதோரம் குனிந்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அதில்லப்பா. போன வருஷம் ரோட்டுல ஒண்ணு சொன்னியே, அதைச் சொல்லு."

டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க சார்! நீங்கல்லாம் யாருன்னு தெரியாமச் சொல்லிட்டேன். தெரிஞ்சிருந்தா அப்படிக் கூப்பிட்டிருப்பேனா?"

ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, சிறப்பு விருந்தினரின் மன்னிப்பு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அறிவித்தார்.

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.